பால்சுறாவைப் புட்டுக்கு வாங்கலாமா?

காரைக்குடியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மூத்த மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், பிள்ளை பிறந்து பதினைந்து நாள் ஆகிறது. மாமியார், "பால் ஊறச் சுறாப்புட்டு செய்து கொடு" என்கிறார். கல்லூரியில் படிக்கும் இளைய மகள், சுறா அழிந்துகொண்டிருக்கிறது, வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்கிறாள். மீன் விற்பவரோ, "ஆச்சி, இது பால்சுறா. இவ்வளவுதான் வளரும். பெரிய சுறாவைப் பிடிப்பதுதான் தப்பு" என்கிறார். சின்ன இனமாக இருந்தால் கடலுக்குக் கேடில்லை என்பது உண்மையா, வாங்கலாமா என்பது அவருடைய கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பால் கொடுக்கும் மகளுக்குச் சுறா வேண்டாம். வீட்டில் மற்றவர்கள், ஆண்டில் ஒன்றிரண்டு முறை, நன்றாக வளர்ந்த பால்சுறாவை அடையாளம் தெரிந்து வாங்கினால் நான் தடுக்க மாட்டேன். ஒரு முழம்கூட இல்லாத குட்டிச் சுறாவை யாருக்காகவும் வாங்காதீர்கள். மீன்காரர் சொல்லும் "சின்னது" என்ற சொல்லில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

நான் பிறந்தது தேவகோட்டை. மீன்வளம் படித்து, பாக் விரிகுடாக் கரையில் தொண்டி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் என்று மீன் இறங்கும் இடங்களில் பல ஆண்டுகள் மீனை அளந்து எழுதும் வேலை பார்த்தேன். அதற்கும் முன்னால் சுறாவை நான் அறிந்தது என் ஆயாவின் அடுப்படியில். தொண்டிப் பக்கமிருந்து பஸ்ஸில் ஏறிவரும் மீன்கூடைகள் விடிந்ததும் ஊருக்குள் வந்துவிடும். சுறா வந்திருந்தால் ஆயா அதைக் கையால் தடவிப் பார்ப்பார். வாலிலிருந்து தலைப்பக்கம் தடவினால் உப்புத்தாள் போலச் சுரசுரக்கும். மஞ்சள் போட்ட தண்ணீரில் வேகவைத்து, தோலில் இருக்கும் "மணலை" உரித்துத் தள்ளிவிட்டு, சதையை உதிர்த்துப் பிழிந்து எடுப்பார். அந்த மணல் உண்மையில் மணல் அன்று. சுறாவுக்குச் செதிலுக்குப் பதிலாகத் தோல் முழுவதும் பல்லைப் போன்ற நுண்ணிய முட்கள் உண்டு, அவைதாம் அது. உடம்பில் எலும்பும் கிடையாது, குருத்தெலும்பு மட்டுமே. முள்ளுக்குப் பயப்படாமல் குழந்தைக்கும் கிழவருக்கும் ஊட்டலாம் என்பதால்தான் கடல் இல்லாத செட்டிநாட்டிலும் இந்தப் புட்டு விருந்துப் பதார்த்தமாக வளர்ந்தது. இந்தச் சமையலை நான் இழிவாகப் பேச வரவில்லை. அதன் அருமை தெரிந்தவள் என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

இப்போது "சின்னது" என்ற சொல்லுக்கு வருகிறேன். சந்தையில் ஒன்றேகால் அடி நீளத்தில் மூன்று சுறாக்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஒரே விலை, மூன்றுக்கும் ஒரே பெயர்.

முதலாவது, மண்வெட்டி போல மூக்கு தட்டையாக இருக்கும் ஒரு சிறு இனம். அறிவியலில் ஸ்கோலியோடான் லேட்டிகாடஸ் என்பார்கள். குஜராத், மகாராஷ்டிரக் கரைகளில் மிகுதி. முழுதாக வளர்ந்தாலும் இரண்டரை அடியைத் தாண்டாது. பிறக்கும்போது ஐந்தாறு அங்குலம். ஓர் அடியைத் தொடும்போதே பருவத்துக்கு வந்துவிடும், அதுவும் ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குள். ஓர் ஈற்றில் ஆறு முதல் பதினெட்டுக் குட்டிகள் வரை போடும், ஐந்தாறு மாதமே சூல்காலம். ஆகவே ஒன்றேகால் அடியில் அது ஏற்கெனவே குட்டி போட்ட தாயாகக்கூட இருக்கலாம்.

இரண்டாவது, நிஜமான பால்சுறா. ரைசோபிரியோனோடான் அக்யூட்டஸ். இது பெரும்பாலும் மூன்று, மூன்றரை அடிக்குள் நின்றுவிடும். பிறக்கும்போதே ஏறத்தாழ ஓர் அடி இருக்கும். இரண்டு மூன்று ஆண்டு கழித்துத்தான் பருவமடையும். சூல்காலம் ஏறத்தாழ ஓராண்டு, குட்டிகள் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து. ஒன்றேகால் அடிப் பால்சுறா, கடலைப் பார்த்துச் சில வாரங்களே ஆன பச்சைக் குட்டி.

மூன்றாவது, தலை இரு பக்கமும் கொம்பு போல நீண்ட கொம்பன் சுறாவின் குட்டி. பெண் கொம்பன் ஆறேழு அடிக்கு மேல் வளர்ந்து, பத்தாண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் முதல் ஈற்றைக் காணும். அந்த இனம் இன்று உலக அளவில் மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் இருக்கிறது. தலையை வெட்டிவிட்டால் அதையும் யாரும் "பால்சுறா" என்றே விற்றுவிடலாம்.

ஆக, நீளம் ஒன்றே. ஒன்று தாய், ஒன்று கைக்குழந்தை, ஒன்று அடுத்த பத்தாண்டுக்கும் பிள்ளை பெறாத இனத்தின் வாரிசு. மீன்காரர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. கூடையில் கலந்து வருவதை அவரும் கலந்தே விற்கிறார். ஆனால் சின்னதாக இருக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அந்த மீன் எத்தனை நாளில் பிள்ளை பெறும், எத்தனை பெறும், பிடிபடும் முன் ஒரு முறையாவது பெற்றதா என்பவைதாம் கணக்கு.

சாதாரண மீனோடு ஒப்பிட்டால் இது இன்னும் விளங்கும். மத்தி, காரல் போன்றவை ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு விட்டுப் போய்விடும். சுறா அப்படியன்று. பால்சுறாவும் தட்டைமூக்குச் சுறாவும் குட்டியைக் கருப்பையில் வைத்து, நஞ்சுக்கொடி வழியாக ஊட்டி வளர்க்கின்றன. தட்டைமூக்குச் சுறாவின் முட்டை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான், சுறாக்களிலேயே மிகச் சிறியது. அதில் மஞ்சள்கரு என்று சொல்லும்படி எதுவும் இல்லாததால் கரு முழுக்க முழுக்கத் தாயின் உடம்பை நம்பியே வளர்கிறது. மீன் என்று நினைத்துக் கையில் எடுப்பதற்கு அடிவயிற்றில் தொப்புள் உண்டு! முதன்முதலாக ஒரு குட்டிச் சுறாவைப் புரட்டி, இரண்டு மார்புத் துடுப்புகளுக்கு நடுவே ஆறாத கீறல் போலிருந்த அந்தத் தழும்பைப் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதன் பிறகு கூடையில் கிடப்பதையெல்லாம் புரட்டிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்: தொப்புள் கீறல் ஆறாமல் தெரிந்தால், அது எந்த இனமாக இருந்தாலும் பிறந்து நாள் ஆகாதது.

இளைய மகள் சொல்வதற்கும் ஆதாரம் இருக்கிறது. இந்தியக் கரைகளில் சுறாவும் திருக்கையும் சேர்ந்து 1998இல் ஏறத்தாழ 75,000 டன் இறங்கின. 2018இல் அது சுமார் 42,000 டன். அந்த இருபது ஆண்டுகளில் படகும் எஞ்சினும் வலையும் பெருகினவே தவிரக் குறையவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த இறக்கத்தின் கனம் தெரியும். உலக அளவில் சுறா, திருக்கை வகைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிவு அபாயத்தில் இருப்பதாக 2021இல் மதிப்பிட்டார்கள். இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு அமைப்பான ஐ.யு.சி.என். வெளியிடும் பட்டியலில் பால்சுறா இப்போது "அழிவாய்ப்புள்ள இனம்". வேகமாகப் பெருகும் தட்டைமூக்குச் சுறாவே "அச்சுறு நிலையை அண்மித்த இனம்" என்ற படியில் நிற்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் சிலர் குழம்புகிறார்கள். திமிங்கலச் சுறாவும், ரம்பம் போல மூக்கு நீண்ட வேளாமீனும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கடுமையான காப்பில் இருப்பவை. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். சுறாத் துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் வீசுவதை 2013இல் தடுத்தார்கள். 2015இல் துடுப்பு ஏற்றுமதியையே நிறுத்தினார்கள். பால்சுறா சேர்ந்திருக்கும் குடும்பம் முழுவதையும் 2022இல் பனாமாவில் கூடிய சைட்டிஸ் (அழியும் அபாயமுள்ள உயிரினங்களுக்கான பன்னாட்டு ஒப்பந்தம்) மாநாடு தன் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது, 2023 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அது நாடு விட்டு நாடு போகும் வணிகத்தைக் கட்டுப்படுத்துவது. காரைக்குடிச் சந்தையில் ஒரு பால்சுறா வாங்குவது குற்றம் ஆகாது. குற்றமில்லை என்பதும் கேடில்லை என்பதும் ஒன்றல்ல, அவ்வளவுதான்.

சின்னச் சுறாவை நிலைத்த முறையில் பிடித்துச் சாப்பிடவே முடியாதா என்றால், முடியும். ஆஸ்திரேலியாவின் தென்கரையில் மஸ்டெலஸ் அண்டார்டிகஸ் என்ற சிறு சுறாவை "ஃபிளேக்" என்ற பெயரில் பொரித்து, உருளைக்கிழங்கு வறுவலோடு காலங்காலமாக விற்கிறார்கள். அங்கே செவுள்வலையின் கண் ஆறு, ஆறரை அங்குலம். குட்டிகள் அந்தக் கண்ணில் நுழைந்து மறுபக்கம் போய்விடும். பெரிய தாய்களின் தலை கண்ணுக்குள் புகாது, அவை முட்டித் திரும்பிவிடும். மாட்டுபவை நடுவயதுச் சுறாக்கள் மட்டுமே. சுறாவில் தாய் உடலில் பெரிதாகப் பெரிதாக ஈற்றில் குட்டிகளும் கூடும் என்பதால், பெரிய தாய்களைக் கடலில் விட்டுவைப்பது அசலை வங்கியில் விட்டு வட்டியை எடுப்பது போல. கொடுக்கல் வாங்கல் அறிந்த நம் ஊர்க்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2001 முதல் இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று அளவும் கட்டினார்கள். அந்த இனம் இன்று அபாயப் பட்டியலில் இல்லை. அதே கடலில் மெதுவாக வளரும் இன்னொரு சுறா இனம் முன்பே அளவுமீறிப் பிடிக்கப்பட்டுச் சரிந்தது, இன்னும் முழுதாக மீளவில்லை. கடல் ஒன்றுதான், சுறா என்ற பெயரும் ஒன்றுதான். பெருகும் வேகம் வேறு, அதனால் விதியும் வேறு.

பாக் விரிகுடாவில் நிலைமை அப்படி இல்லை. இங்கே பால்சுறாவைத் தேடி மடி போடுபவர்கள் குறைவு. இறாலுக்கும் மற்ற மீனுக்கும் போடும் இழுவைமடியிலும் செவுள்வலையிலும் அது சேர்ந்து வருகிறது. இழுவைமடியின் கடைசிப் பை சிறுகண்ணி. அதில் தாய், குட்டி என்ற பேதம் கிடையாது, கடல்தரையில் இருப்பதெல்லாம் வாரி வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை இருப்பது நல்லதுதான். ஓராண்டு சூல்சுமக்கும் மீனுக்கு இரண்டு மாத ஓய்வு எவ்வளவு உதவும் என்று யோசித்துப் பாருங்கள். இந்தச் சுறாவுக்கென்று குறைந்தபட்ச நீளமோ, இவ்வளவு டன் என்ற வரம்போ வைத்து நம் பக்கம் பிடிக்கப்படுவதில்லை. ஆகவே, என்னைக் கேட்டால், நிலைத்த உணவாக இருக்கும் தகுதி இந்தச் சிறு சுறாக்களில் சிலவற்றின் உடம்பில் இருக்கிறது. அந்தப் பெயரை வாங்கிக்கொடுக்கும் மீன்பிடி நம் கரையில் இன்னும் அமையவில்லை.

தானாக வலையில் விழுந்து செத்துத்தானே வருகிறது, நாம் வாங்காவிட்டால் வீண்தானே என்று சிலர் கேட்பார்கள். விலை இல்லாத மீனைப் படகுக்காரர் உயிரோடு இருக்கும்போதே கடலில் தள்ளிவிடவும் வாய்ப்பு உண்டு. கிராக்கி உள்ள மீன் ஐஸ்பெட்டிக்குத்தான் போகும். குட்டிச் சுறாவுக்குப் "பிஞ்சு, கசப்பில்லாதது" என்று தனி விலை கொடுப்பதை நம் வீடுகள் நிறுத்தினாலே கரையில் அது தெரியும்.

இனி உங்கள் மகளைப் பற்றி. பால் சுரக்கப் பால்சுறா என்ற நம்பிக்கை நம் நாட்டில் எவ்வளவு பழையது என்றால், ஆங்கிலத்திலும் இந்த மீனுக்குப் பால்சுறா என்றே பொருள்படும் பெயர் இந்த நம்பிக்கையிலிருந்துதான் போயிருக்கிறது. பெரியவர்கள் இதைப் பத்தியத்தில் சேர்த்ததில் காரணம் உண்டு: முள் இல்லை, கொழுப்புக் குறைவு, புரதம் மிகுதி, எளிதில் செரிக்கும், கூடவே ஒரு கை பூண்டு. ஆனால் சுறா மற்ற மீன்களைத் தின்று வாழ்வது. கடல்நீரில் இருக்கும் பாதரசம் சிறு உயிரில் துளியாகச் சேர்ந்து, அதைத் தின்னும் மீனில் கூடி, அதையும் தின்னும் சுறாவில் இன்னும் கூடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அளந்த கணக்கில் சுறா இறைச்சியில் பாதரசம் சராசரியாகப் பத்து லட்சத்தில் 0.979 பங்கு, மத்தி வகை மீனில் 0.013 பங்கு. அந்தக் கணக்கில் பெரிய சுறாக்களும் அடக்கம். சிறிய, குறைந்த ஆயுள் கொண்ட இனத்தில் இது குறைவாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். இருந்தாலும் கருவுற்றவர்களும் பால் கொடுப்பவர்களும் சிறு குழந்தைகளும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்றே அந்த நிர்வாகம் சொல்கிறது. வளரும் மூளையைத்தான் பாதரசம் முதலில் தொடும். வேகவைத்துப் பிழிந்தாலும் அது போகாது.

பிழிவதற்கு வேறு பயன் உண்டு. சுறா தன் உடம்பில் யூரியாவை வைத்துக்கொண்டுதான் கடலின் உப்பைச் சமாளிக்கிறது; செத்த பிறகு அந்த யூரியா உடைந்து அமோனியா ஆகும்போதுதான் மூக்கைத் துளைக்கும் வாடை வருகிறது. மஞ்சள் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டும்போது வாடையில் பெரும்பகுதி போய்விடும். என் ஆயாவுக்கு யூரியா தெரியாது, செய்முறை தெரிந்திருந்தது.

மகளுக்கு என்ன கொடுப்பது? காரல். பாக் விரிகுடாவில் வெள்ளி போல அள்ளி வருவது அதுதான். கடற்கரை ஊர்களில் பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் காரல் சாறு வைத்துக் கொடுப்பதும் சுறாப்புட்டு அளவுக்குப் பழைய வழக்கம். விலை குறைவு, உணவுச் சங்கிலியில் கீழ்ப்படியில் இருக்கும் சின்ன மீன், வேகமாகப் பெருகுவது. முள்ளுக்குப் பயந்தால் சாற்றை மட்டும் வடிகட்டிக் கொடுங்கள். புட்டுதான் வேண்டும் என்று மாமியார் விரும்பினால் கண்மாய் விராலில் செய்யுங்கள். விராலுக்கு நடுமுள்ளைத் தவிரத் தொல்லை குறைவு, சதை பூவாக உதிரும். எல்லாவற்றுக்கும் மேலாக, பால் ஊறுவது குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான். அடிக்கடி மார்பில் போடுவதும் தாய்க்கு வயிறாரச் சோறும் தண்ணீரும் தூக்கமும் கிடைப்பதும் முக்கியம். பால் போதவில்லை என்ற கவலை உண்மையாகவே இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மற்றவர்களுக்காக என்றைக்காவது பால்சுறா வாங்கப் போனால், முழு மீனாகப் பாருங்கள். தலையும் துடுப்பும் போன துண்டில் எந்த இனம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்றரை முழத்துக்குக் குறைந்தால் விட்டுவிடுங்கள். மூக்கு நீண்டு கூர்ந்திருக்கும், கண் பெரிது. வாயோரத்தில் நீளமான ஒரு மடிப்புக்கோடு இருக்கும். முதுகின் இரண்டாம் துடுப்பு மிகச் சிறியதாக, அடிவயிற்றுப் பின்துடுப்பு தொடங்கும் இடத்தைத் தாண்டிப் பின்னால் எழும். துடுப்பு நுனிகள் மையில் தோய்த்தது போல அழுத்தமான கறுப்பாக இருந்து, அந்த இரண்டாம் துடுப்பு பின்துடுப்புக்கு நேர் மேலே நின்றால், அது பெரிதாக வளரும் வேறு சுறாவின் பிள்ளை. புரட்டித் தொப்புளையும் பாருங்கள். மூக்கருகே பிடித்து வாடை வந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். எந்த வலையில் வந்தது, நாட்டுப்படகா விசைப்படகா என்று கேளுங்கள். பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாள் என்ற முறை இருப்பதால், விற்பவருக்கு இது தெரிந்திருக்கும். கேட்பதைப் பார்த்து அவர் சிரித்தாலும் அடுத்த முறை பிரித்து வைப்பார். எனக்கு அப்படித்தான் நடந்தது.

விரால் புட்டுக்கு ஒரு குறிப்போடு முடிக்கிறேன். அரைக் கிலோ விராலை உப்பும் மஞ்சளும் போட்டு மூடி, பத்து நிமிடம் ஆவியில் வையுங்கள். தண்ணீரில் போட்டால் சுவை இறங்கிவிடும், இது சுறா அன்று, கொட்ட வேண்டிய வாடையும் இதில் இல்லை. ஆறியதும் முள் பார்த்து உதிர்த்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெயில் சோம்பு, கறிவேப்பிலை, இருபது பல் பூண்டு, ஒரு கிண்ணம் சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி வதக்கி, மகளுக்கு என்பதால் பச்சை மிளகாய்க்குப் பதில் தட்டிய மிளகு போட்டு, மீனைச் சேர்த்துச் சிறு தீயில் நீர் சுண்டும்வரை கிளறுங்கள். சட்டியின் அடியில் ஒட்டாமல் உதிரி உதிரியாகப் பிரிந்து வரும்போது இறக்கிவிடலாம்.